லடிங்டன் பூங்கா: அம்மாவுக்கு முழங்கால் வலி என்றால்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இருக்கும் லடிங்டன் பூங்காவில் பிக் சேபிள் பாயின்ட் கலங்கரை விளக்கம் வரை கார் போகுமா, அம்மாவுக்கு முழங்கால் வலி, கூட ஐந்து வயதுப் பையன் என்று கேட்டிருந்தீர்கள். போகாது. பைன்ஸ் முகாம் பகுதிக்குப் பக்கத்திலிருந்து ஒரு வழிக்கே கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர் மணலும் சரளையுமான பாதையில் நடக்க வேண்டும், நிழலும் குறைவு, அப்புறம் உள்ளே 130 படிகள். அம்மாவை அதில் நடக்க வைக்காதீர்கள், தயவுசெய்து. கோடையில் சில குறிப்பிட்ட நாட்களில் மட்டும் பேருந்து விடுவார்கள், அந்தத் தேதிகளை முதலில் பார்த்துவிட்டுப் பயணத்தை முடிவு செய்யுங்கள்.

தேதி ஒத்துவரவில்லையா, சரி, ஒருவர் அம்மாவுடன் பூங்காவிலேயே உள்ள ஹாம்லின் ஏரிக்கரையில் இருங்கள், அங்கே தண்ணீர் மிச்சிகன் ஏரியைவிட வெதுவெதுப்பாக இருக்கும், பையனும் அங்கேயே விளையாடட்டும். மற்றவர் காலையிலேயே கலங்கரை விளக்கத்துக்கு நடந்து போய் வந்துவிடலாம். 1867-இல் கட்டிய செங்கல் கோபுரம், 112 அடி. செங்கல் உதிரத் தொடங்கியதால் 1900-இல் சுற்றிலும் இரும்புத் தகடு போர்த்தினார்கள், இன்று நீங்கள் பார்க்கிற கறுப்பு வெள்ளைப் பட்டை அதன் மேல்தான். மாலையில் ஊருக்குள் ஸ்டெர்ன்ஸ் கடற்கரைக்குப் போங்கள், அலைதடுப்புச் சுவரின் முனையில் நிற்கும் இன்னொரு விளக்கை அம்மா உட்கார்ந்தபடியே பார்க்கலாம்.