ஆல்பர்ட் யாருடைய மகன்?

படத்தில் ஆல்பர்ட் எட்மண்டின் மகன் என்று வருகிறதே, நாவலில் அப்படிப் படித்த நினைவில்லையே என்று கேட்டிருந்தீர்கள். நாவலில் நீங்கள் எந்தப் பக்கத்தையும் தவறவிடவில்லை. 2002-இல் வந்த 'தி கவுண்ட் ஆஃப் மான்டி கிறிஸ்டோ' படத்தில்தான் ஆல்பர்ட் கதாநாயகன் எட்மண்டின் மகன். அலெக்சாந்தர் துய்மாவின் நாவலில் அவன் துரோகி ஃபெர்னாண்டுக்குப் பிறந்தவன்.

காதலர்களான எட்மண்டையும் மெர்சிடஸையும் கடைசியில் சேர்த்து வைக்கத்தான் இப்படி மாற்றியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஆல்பர்ட்டின் அம்மாவான மெர்சிடஸ் ஏன் ஃபெர்னாண்டை அவசரமாகக் கட்டிக்கொண்டாள் என்பதற்கும் காரணம் கிடைத்துவிடுகிறது. கெட்டிக்காரத்தனம்தான், எனக்கென்னவோ நாவலின் கசப்புதான் பிடிக்கும்.

சந்தேகம் இருந்தால் 2002 படத்தின் ஆரம்பத்துக் கடற்கரைக் காட்சியை மறுபடி பாருங்கள். எட்மண்ட் மெர்சிடஸின் விரலில் ஒரு நூலை மோதிரமாகச் சுற்றுவான். அப்புறம் அந்த விரலைக் கவனித்துக்கொண்டே வாருங்கள்.

ஒன்று, இதே கதையின் 2024 பிரெஞ்சுப் படத்தை வைத்துச் சரிபார்க்காதீர்கள். அதில் ஆல்பர்ட் மறுபடியும் ஃபெர்னாண்டின் மகன்.