டி.டி.எஸ். 420 என்றால் கிணற்றுத் தண்ணீர் நல்லதா?

கேள்வி: பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போகும் கால்வாயிலிருந்து 40 அடி தள்ளி எங்கள் வீடு. சுற்றிலும் அடுக்குமாடிகள் வந்தபிறகு, கோடையில் உறைக்கிணற்றில் நாற்றம் அடிக்கிறது. ஃபில்டர் விற்பவர் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "டி.டி.எஸ். 420தான், யு.வி. மெஷின் (புற ஊதா ஒளியால் கிருமியைக் கொல்வது) போதும்" என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். பரிசோதனை முடிவு வரும்வரை அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் வேண்டாம். அந்த மீட்டர் காட்டும் டி.டி.எஸ். என்பது கரைந்திருக்கும் உப்பின் அளவு. சாக்கடைக் கிருமி அதில் தெரியாது. இன்னும் சிலர் இரண்டு கம்பிகளைத் தண்ணீரில் விட்டுக் கரண்ட் கொடுத்துப் பழுப்பாக்கிக் காட்டுவார்கள். கரைவது கம்பியின் இரும்பு, உங்கள் தண்ணீரின் அழுக்கல்ல. ஆர்.ஓ. மெஷின் உப்பை வடிகட்டிவிடுவதால் அதன் தண்ணீரில் உப்பு குறைவு, மின்சாரம் சரியாகப் பாயாது, அதனால் நிறம் மாறாது. இதை நம்பி ஆயிரக்கணக்கில் கொடுத்தவர்கள் ஏராளம்.

முன்பு மண்ணில் இறங்கிய மழைநீர் கிணற்றுப் பக்கமிருந்து கால்வாய்க்குக் கசியும். இப்போது தரையை சிமெண்ட் மூடிவிட்டது, ஆழ்துளைக் கிணறுகள் உறிஞ்சுகின்றன. கிணற்று நீர்மட்டம் கால்வாய் நீர்மட்டத்துக்குக் கீழே போனால் கசிவு திசை மாறிவிடும். கொத்தனாரின் டியூப் லெவலை வைத்து மே மாதம் இரண்டு மட்டங்களையும் ஒப்பிடுங்கள். கிணறு தாழ்ந்திருந்தால், கால்வாயில் ஓடுவது கிணற்றுக்கு வரும்.

சாக்கடை கலந்திருக்கிறதா என்று அறிய ஆய்வகத்தில் மூன்றைக் கேளுங்கள்: நைட்ரேட் (லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்குள்), அம்மோனியா (0.5க்குள்), மலத்திலிருந்து வரும் ஈ.கோலி கிருமி (100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது). மோட்டாரை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டிலில் பிடியுங்கள். பாட்டிலைக் கழுவக் கூடாது. ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொடுங்கள். நைட்ரேட் கூடுதலாக இருந்தால் யு.வி. உதவாது. காய்ச்சினால் தண்ணீர் வற்றி நைட்ரேட் இன்னும் செறிவாகும்.

ஒரு விலக்கு உண்டு. அழுகிய முட்டை நாற்றம் மட்டும் இருந்தால் அது சதுப்புக் களிமண்ணிலிருந்தே வரலாம். வாய் அகன்ற பாத்திரத்தில் அரை மணி நேரம் திறந்து வைத்தால் பெரும்பாலும் போய்விடும். ஆனால் நாற்றம் போனதே நல்ல தண்ணீர் என்பதற்குச் சான்றாகாது. நைட்ரேட் குறைவாக இருப்பதும் சான்றாகாது: காற்றில்லாத மண்ணில் சாக்கடையின் நைட்ரஜன் அம்மோனியாவாகவே நின்றுவிடும். அம்மோனியா, ஈ.கோலி இரண்டும் சரியாக இருந்தால் மட்டுமே மண்ணைக் காரணம் சொல்லலாம்.

கால்வாய் ஒரு துறை, மழைநீர் வடிகால் ஒரு துறை, கழிவுநீர் இன்னொரு துறை. கேட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். மழை நின்று பத்து நாளாகியும் வடிகால் வாயில் தண்ணீர் ஓடினால், யாரோ கழிவுநீர்க் குழாயைத் திருட்டுத்தனமாக இணைத்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். தேதி தெரியும்படி படமெடுத்து, ஆய்வறிக்கை நகலுடன் மூன்று துறைக்கும் ஒரே மனுவாக அனுப்பி, ஒப்புகைச் சீட்டை வாங்கி வையுங்கள்.