பாரிசவாதத்துக்குப் பிறகு பேச்சு வராதவருக்கு ஒரு மணிநேரப் பரிசோதனை தேவையா?

களுவாஞ்சிகுடியில் இருந்து கேட்டிருக்கிறீர்கள். அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து பேச்சுப் போய்விட்டது. கிளினிக்கில் படம் படமாகக் காட்டி அவரைக் களைக்க வைத்துவிட்டார்கள். பேச்சு வரவில்லை என்பது கண்ணுக்கே தெரியும்போது இது எதற்கு என்று.

மட்டக்களப்பில் பேச்சு சிகிச்சையாளராக வேலை செய்கிறேன். என் பதில்: கட்டாயம் தேவை. ஒரே நாளில் முடிக்காமல், களைத்தால் நிறுத்தி இன்னொரு நாள் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

பேச்சு வராததற்குக் காரணம் பல. சொல்லைத் தேடி எடுக்கவோ, கேட்டதை விளங்கவோ முடியாமல் போவது அஃபேசியா. சொல் தெரிந்தும் நாக்கும் உதடும் பலமிழந்து குழறுவது வேறு. வாய் அசைவை மூளை ஒழுங்குபடுத்த முடியாமல் தடுமாறுவது இன்னொன்று. ஒருவருக்கே இரண்டு சேர்ந்தும் வரலாம், சிகிச்சையோ ஒவ்வொன்றுக்கும் வேறு.

வீட்டில் அதிகம் ஏமாறுவது விளங்குதலில்தான். 'அப்பாவுக்கு எல்லாம் விளங்குது, சொல்லத்தான் ஏலாது' என்று பிள்ளைகள் சொல்வார்கள். 'சாப்பிடுவமா?' என்று கேட்கும்போது உங்கள் கையில் பீங்கான் இருக்கிறது, நேரமும் மத்தியானம். அவர் தலையாட்டுவது சொல்லுக்கா, பீங்கானுக்கா? அதனால்தான் கைச்சாடை, முகக்குறிப்பு எதுவும் இல்லாமல் கேட்கிறோம். 'ஆம்' வரவேண்டிய கேள்வியையும் 'இல்லை' வரவேண்டியதையும் கலந்து கேட்கிறோம். எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவரிடம் மருந்து, காணி, பணம் பற்றிச் சம்மதம் வாங்குவது ஆபத்து. இந்த ஒன்றுக்காகவே பரிசோதனை வேண்டும் என்பேன்.

இனி பரிசோதனையில் போடும் புள்ளிகள். உலகில் அதிகம் பயன்படுபவற்றில் ஒன்று, நரம்பியல் மருத்துவர் ஆண்ட்ரூ கெர்டெஸ் உருவாக்கிய வெஸ்டர்ன் அஃபேசியா பேட்டரி என்ற பரிசோதனைத் தொகுப்பு. தானாகப் பேசுதல், கேட்டு விளங்குதல், திருப்பிச் சொல்லுதல், பெயர் சொல்லுதல் ஆகிய நான்கையும் சேர்த்து 100க்குப் புள்ளி, 93.8க்குக் கீழே என்றால் அஃபேசியா. ஆய்வுகளில் மொழியை அளக்க இதையே பயன்படுத்தலாம் என்று 2019 இல் வெளியான, அஃபேசியா ஆய்வாளர்களின் சர்வதேச உடன்பாடும் சொல்கிறது. ஆனால் அது ஆங்கிலத்தில் பிறந்தது. 'ஜூலையில் பனி கொட்டுமா?' என்பது அதில் ஒரு கேள்வி. நமக்கு எந்த மாதமும் பனி கொட்டாது. காலம் விளங்குகிறதா என்று பார்க்க, ஆடியில் மாரி மழை பெய்யுமா என்றுதான் கேட்கவேண்டும். கேள்வியை மாற்றினால் 93.8 என்ற எல்லையையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. தமிழ் பேசும் ஆரோக்கியமானவர்களிடம் செய்து பார்த்து வரையறுத்த எண் வேண்டும். அது இல்லாத இடத்தில் மொத்தப் புள்ளியை விட, எந்த வகைக் கேள்வியில் எப்படித் தடுமாறினார் என்ற விவரத்தையே நான் நம்புவேன்.

அந்த விவரத்துக்கு உங்கள் உதவி வேண்டும். அப்பா எதுவரை படித்தார், பத்திரிகை வாசிப்பாரா, கண்ணாடி போடுவாரா, காது எப்படி? அம்பாறைப் பக்கம் வியாபாரம் செய்து சிங்களம் பேசியவரென்றால் அதையும் சொல்லுங்கள், இரண்டு மொழியையும் சோதிக்கவேண்டும். இடப்பக்க மூளை பாதித்தவர்கள் சிலருக்கு வலப்பக்கப் பார்வை மறைந்திருக்கும். படங்களைக் கிடையாகப் பரப்பினால் வலது ஓரத்தில் உள்ளது அவருக்குத் தெரியாது. விளங்கவில்லை என்று அது தவறாகப் பதிவாகிவிடும். நடக்கும்போது எதிலாவது முட்டுகிறாரா, சாப்பிடும்போது பீங்கானில் ஒரு பக்கத்தை விட்டுவிடுகிறாரா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

அப்புறம், முதல் நாட்களில் வந்த புள்ளியைப் பார்த்து மனமுடையவேண்டாம். முதல் சில மாதங்களில்தான் மாற்றம் வேகமாக இருக்கும். அதே பரிசோதனையைப் பிறகு மீண்டும் செய்து ஒப்பிடச் சொல்லுங்கள். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது, அப்பாவுக்குச் சம்மதமென்றால், பேரப்பிள்ளையோடு அவர் இருக்கும் சில நிமிடங்களை போனில் படம் பிடித்துக் கொண்டுபோங்கள். கிளினிக்கில் வராத சொல் அங்கே வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.