இந்தியாவிடம் இவ்வளவு தோரியம் இருந்தும் ஏன் இன்னும் அதில் மின்சாரம் எடுக்கவில்லை?

தோரியம் கடற்கரை மணலில் கிடைக்கும் அணு உலோகம்; அந்த மணலுக்குக் குறைவில்லை. மணவாளக்குறிச்சியிலும் கேரளத்துச் சவறாவிலும் அள்ளுகிற மணலில் உள்ள மோனசைட் என்ற கனிமத்தில் சுமார் 8 முதல் 10 சதவீதம் தோரியம் ஆக்சைடுதான். சிக்கல் என்னவென்றால், தோரியம் ஈர விறகு மாதிரி, தானாகப் பற்றாது. ஒரு நியூட்ரானை விழுங்கி தோரியம்-233 ஆகி (அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் நேரம், 22 நிமிடம்), புரோடாக்டினியம்-233 ஆகி (27 நாள்), அதன் பிறகே யுரேனியம்-233 ஆகிறது. எரிவது இந்தக் கடைசிப் பொருள். ஆக, முதல் நியூட்ரானைத் தர வேறொரு எரிபொருள் வேண்டும்.

ஹோமி பாபா வகுத்த மூன்று கட்ட அணுமின் திட்டத்தில் அந்தப் பொறுப்பு புளுட்டோனியத்துக்கு. முதல் கட்டமான கனநீர் உலைகளில் இயற்கை யுரேனியத்தை எரித்தால், தீர்ந்த எரிபொருளில் டன்னுக்கு ஏறத்தாழ மூன்றரை கிலோதான் அது கிடைக்கும். 1974 பொக்ரான் சோதனைக்குப் பிறகு அணு உலைகளுக்கு உதவிவந்த கனடா விலகியது. 2008இல் அணுப் பொருள் விற்கும் நாடுகளின் குழு தன் தடையிலிருந்து விலக்கு தரும்வரை வெளி யுரேனியமும் பெரும்பாலும் அடைபட்டுக் கிடந்தது. உள்நாட்டுத் தாதுவோ தரம் குறைந்தது. முதல் கட்டம் சிறுத்ததால் புளுட்டோனியமும் சிறுத்தது.

அதைப் பெருக்கத்தான் இரண்டாம் கட்ட ஈனுலைகள், அதாவது எரிப்பதைவிட அதிக எரிபொருளை உண்டாக்கும் உலைகள். இருப்பதை விதை நெல் என்று வையுங்கள். போதுமான அளவு பெருகும் முன்பே தோரியத்தை உள்ளே வைத்தால் அது நியூட்ரான்களைத் தின்றுவிடும், புளுட்டோனியம் இரட்டிப்பாகும் காலம் நீளும். "நேராகத் தோரியத்துக்குப் போகலாமே" என்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

ஈனுலையே லேசுப்பட்டதல்ல. நியூட்ரான் வேகம் குறையக்கூடாது, அதனால் தண்ணீரை விட்டு திரவச் சோடியம். 98 டிகிரியில்தான் உருகும் என்பதால் நிரப்பும் முன் குழாய்களையெல்லாம் சூடேற்ற வேண்டும். கசிந்தால் காற்றில் எரியும். நீராவிக் கலனில் குழாய் ஓட்டையானால் தண்ணீரோடு சேர்ந்து ஹைட்ரஜனைக் கிளப்பும். அந்த விபத்து கதிரியக்கமுள்ள சோடியத்தைத் தொடாதிருக்கவே நடுவில் இன்னொரு சோடியச் சுற்று. போதாததற்கு அது ஒளி ஊடுருவாத திரவம், உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாது. 1987இல் கல்பாக்கம் சோதனை ஈனுலையில் எரிபொருளை நகர்த்தும்போது பாகங்கள் வளைந்து, உலை மறுபடி ஓட இரண்டு ஆண்டு ஆனது. அங்கேயே 500 மெகாவாட் முன்மாதிரி ஈனுலையை 2004இல் கட்டத் தொடங்கினார்கள். மையக்கருவை நிரப்பும் வேலை 2024 மார்ச்சில்தான் ஆரம்பித்தது.

தோரியத்தையும் யுரேனியம்-233ஐயும் கொண்டு மின்சாரம் எடுக்கும் மூன்றாம் கட்டத்துக்குத் தனித் தலைவலி உண்டு. யுரேனியம்-233உடன் கொஞ்சம் யுரேனியம்-232உம் உருவாகும். அதன் சிதைவு வரிசையில் வரும் தாலியம்-208, 2.6 மெகா எலக்ட்ரான்வோல்ட் காமாக் கதிரை வீசும். கையுறை மாட்டிய துளைகள் வழியே வேலை செய்யும் மூடிய பெட்டி போதாது. தடித்த சுவருக்குப் பின்னால் இயந்திரக் கைகள்தான் எரிபொருளைச் செய்ய வேண்டும். செலவு ஏறுவது இங்கேதான். தோரியம் ஆக்சைடு நைட்ரிக் அமிலத்தில் எளிதில் கரையாததால் தீர்ந்த எரிபொருளிலிருந்து யுரேனியம்-233ஐப் பிரித்தெடுக்கும் வேலையும் இழுக்கும்.

யுரேனியம்-233இல் ஓடுவதற்கென்றே இங்கே கட்டிய உலை கல்பாக்கத்தின் காமினி. 1996இல் இயங்கத் தொடங்கியது. திறன் 30 கிலோவாட், அதுவும் வெப்பமாக; நியூட்ரான் படம் எடுக்கப் பயன்படுகிறது.