கிரெனடா பாஸ்போர்ட்டும் வண்டன்மேட்டு ஏலத்தோட்டமும்

கேள்வி: எனக்கு வீடு கம்பத்தில், 8 ஏக்கர் ஏலத்தோட்டம் எல்லை தாண்டி கேரளாவில், வண்டன்மேட்டில். ஒரே மகன், பெங்களூரில் ஐடி வேலை, அமெரிக்கா போகத் துடிக்கிறான். 2 கோடி ரூபாய் போல் கட்டினால் கரீபியன் தீவு நாடான கிரெனடாவின் குடியுரிமை கிடைக்கும், அதை வைத்து அமெரிக்காவில் தொழில் விசா எடுக்கலாம், இந்திய பாஸ்போர்ட்டும் கையில் இருக்கட்டும் என்கிறார் கொச்சி ஏஜெண்ட். பாதியை ரொக்கமாகக் கேட்கிறார். தோட்டத்தை மகன் பெயருக்கு எழுதப் பார்க்கிறேன். வில்லங்கம் வருமா?

பதில்: முதலில் அந்த ரெண்டு பாஸ்போர்ட் கதையை முடித்துவிடலாம். 1955ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டம் 9ஆம் பிரிவுப்படி, உங்கள் மகன் விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கும் நாளிலேயே இந்தியக் குடியுரிமை தானாகப் போய்விடும், யாரும் ரத்து செய்ய வேண்டியதில்லை. பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். வைத்துக்கொண்டு பயணம் போனால் குற்றம். அப்புறம் வெளிநாட்டுக் குடிமகனாகிவிட்ட இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வாங்கலாம்தான், ஆனால் அது ஆயுட்கால விசா மாதிரி, குடியுரிமை இல்லை. ஓட்டும் கிடையாது.

சரி, அமெரிக்கா. ஏஜெண்ட் சொல்வது இ-2 விசா, அமெரிக்காவோடு ஒப்பந்தம் உள்ள நாட்டுக் குடிமக்கள் அங்கே முதலீடு போட்டுத் தொழில் நடத்தத் தருவது. இந்தியாவுக்கு அந்த ஒப்பந்தம் இல்லை, கிரெனடாவுக்கு உண்டு, அதனால்தான் இந்த வியாபாரமே நடக்கிறது. ஆனால் 2022 டிசம்பரில் அமெரிக்கா சட்டத்தை மாற்றிவிட்டது: பணம் கட்டிக் குடியுரிமை வாங்கியவர், அதற்கு முன் இ-2 விசா பெற்றிராதவர் என்றால், அந்த நாட்டில் தொடர்ந்து 3 வருடமாவது நிரந்தரமாகக் குடியிருந்திருக்க வேண்டும். கிரெனடாவில் காலே வைக்காமல் பாஸ்போர்ட் வாங்கலாம் என்று விற்கிறவர் இதைச் சொன்னாரா? கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள்.

பணத்துக்கு வருகிறேன். கிரெனடா அரசு நிதிக்கு 2024லிருந்து குறைந்தது 2,35,000 டாலர். நம் ரிசர்வ் வங்கித் திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரைதான் வெளியே அனுப்பலாம், வேறு நாட்டில் குடியேறும் தகுதிக்காக முதலீடு என்று சொல்லி அதற்கு மேல் அனுப்ப விதியில் இடமில்லை. விண்ணப்பக் கட்டணம், விசாரணைக் கட்டணம், ஏஜெண்ட் கமிஷன் எல்லாம் சேர்ந்தால் வரம்பு இடிக்கும். அதோடு 10 லட்சத்துக்கு மேல் போகும் தொகைக்கு வங்கி 20% டிசிஎஸ் (முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி) பிடிக்கும், அதாவது 40 லட்சம் பக்கம். ரிட்டர்ன் போட்டு வாங்கலாம், அதுவரை பணம் முடங்கும். உங்கள் பெயரில் அனுப்பினால், ஏலக்காய் வருமானத்துக்கு மத்திய வருமான வரி இல்லாததால் கழிக்க வரியே இருக்காது, மொத்தமும் ரீஃபண்டாகத்தான் வர வேண்டும். பாதி ரொக்கம் என்பது என்னவென்று எல்லைப்பக்கம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, குழல்பணம், அதாவது ஹவாலா. பிடிபட்டால் ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டத்தில் தொகையைப் போல் மூன்று மடங்கு வரை அபராதம். இதில் மட்டும் இறங்கவே வேண்டாம்.

இப்போது தோட்டம். வெளிநாட்டில் குடியிருக்கும் இந்தியரோ ஓசிஐ காரரோ விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு விலைக்கு வாங்கவும் முடியாது, தானமாகப் பெறவும் முடியாது. பையன் வேலைக்கென்று விமானம் ஏறிவிட்டான், அப்புறம் தான செட்டில்மெண்ட் எழுதுகிறீர்கள் என்றால் அந்த ஆதாரம் (பத்திரத்துக்குக் கேரளாவில் அதுதான் பெயர்) நிற்காது. பாஸ்போர்ட் மாறாவிட்டாலும் இதே கதைதான், பலர் இங்கேதான் மாட்டுகிறார்கள். அவன் பெங்களூரில் இருக்கும்போதே எழுதிப் பதிந்தால் பின்னால் வெளிநாட்டுக் குடிமகன் ஆனாலும் வைத்துக்கொள்ளலாம், விற்றால் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்க வேண்டும். உயில் எழுதினாலும் சரி, வாரிசாக வருவதற்குத் தடை இல்லை.

என்னைக் கேட்டால் உயிலே போதும். இல்லை, இப்போதே எழுதுவேன் என்றால் உங்கள் ஆயுள் வரை அனுபவ உரிமையும் காய் எடுக்கும் உரிமையும் உங்களுக்கே என்று தெளிவாகப் போடச் சொல்லுங்கள். அங்கே ஆதாரம் பெரும்பாலும் மலையாளத்தில்தான் இருக்கும், கையெழுத்துக்கு முன் வரிவரியாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். பட்டயம் (பட்டா), கரம் (நில வரி) கட்டிய ரசீது, போக்குவரவு (பட்டா பெயர் மாற்றம்) ஆன காகிதம் மூன்றிலும் பெயரும் சர்வே எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதுவரை ஏஜெண்டுக்கு அட்வான்ஸும் வேண்டாம், மகனின் ஒரிஜினல் பாஸ்போர்ட்டும் கொடுக்க வேண்டாம்.