பழைய ஜீப்பில் பிள்ளைகளை எங்கே உட்கார வைப்பது?

கேள்வி: என் மாமா பல வருடம் ஓட்டிய ஃபோர் வீல் டிரைவ் ஜீப் இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. 1970களில் வந்த வண்டி. மேலே துணிக்கூரை, பின்னால் எதிரெதிராக இரண்டு பெஞ்சு சீட்டு, நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். பத்து வருடத்துக்கு மேல் ஷெட்டிலேயே நின்றது. அதைப் புதுப்பித்து, லீவு நாட்களில் குடும்பத்தோடு காட்டுப்பாதை, மலைப்பாதை என்று போய்வர ஆசை. மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு நான்கு. முதலில் இன்னும் பெரிய இன்ஜினாக மாற்றிவிட்டு, வண்டியைக் கொஞ்சம் உயர்த்தி, அகலமான டயர் போட்டு, கடைசியில் பெயின்ட் அடிக்கலாம் என்று திட்டம். மனைவியோ, “பிள்ளைகளை எங்கே உட்கார வைப்பீர்கள், அதை முதலில் சொல்லுங்கள்” என்கிறார். என்னிடம் பதில் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: உங்கள் மனைவி கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்குங்கள். அவர் ஆசைக்குக் குறுக்கே நிற்கவில்லை, வேலையின் வரிசையைச் சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் எங்கே உட்காருவார்கள் என்று முடிவாகிவிட்டால் தளத்தகட்டை எங்கே பலப்படுத்துவது, ரோல் கேஜ் (வண்டி புரண்டால் ஆட்களைக் காக்கும் குழாய்க்கூடு) எப்படி வர வேண்டும், சேஸியில் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தில்) எந்த இடம் பளு தாங்க வேண்டும் என்று மற்ற முடிவுகள் தானாக வரும். அது முடிவாகாமல் பெயின்ட் அடித்தால், அடித்த பெயின்ட்டைச் சுரண்டித்தான் பிறகு வெல்டிங் வைக்க வேண்டியிருக்கும்.

பின்பக்கத்து எதிரெதிர் பெஞ்சில் பிள்ளைகள் உட்காரக் கூடாது. இதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது. வண்டி மோதி நிற்கும்போது உடம்பு முன்னோக்கிப் பாயும். முன்பார்த்த சீட்டில் இருப்பவரைத் தோளிலும் இடுப்பெலும்பிலும் பெல்ட் பிடித்துக்கொள்ளும். பக்கவாட்டில் உட்கார்ந்தவருக்கு இடுப்பு மட்டும் நிற்கும், மேலுடம்பு முறுக்கிக்கொண்டு சாயும், கழுத்தும் முதுகெலும்பும் அந்த முறுக்கலை வாங்கும். அந்த பெஞ்சில் பெல்ட் மாட்டினாலும் இதே கதைதான். குழந்தை சீட்டு தயாரிப்பவர்களும் பக்கவாட்டு சீட்டில் பொருத்த வேண்டாம் என்றே கையேட்டில் எழுதுகிறார்கள். ஆகவே பெஞ்சுகளைக் கழற்றிவிட்டு, முன்பார்த்த சீட்டு இரண்டு போடுங்கள். தலைக்குப் பின்னால் தாங்கும் ஹெட்ரெஸ்ட் இருக்க வேண்டும், தோள்வழி வரும் மூன்று முனை பெல்ட் இருக்க வேண்டும். 1959-இல் வால்வோ நிறுவனத்துக்காக நில்ஸ் போலின் வடிவமைத்த அதே பெல்ட்தான். இடுப்பு பெல்ட் மட்டும் உள்ள சீட்டில் பிள்ளை நடு உடம்பில் மடங்கிப்போகும், வயிற்றிலும் கீழ்முதுகிலும் அடிபடும். பெல்ட் சரியான இடத்தில் விழும்படி பிள்ளையை உயர்த்தி உட்கார வைக்கும் பூஸ்டர் சீட்டு வைத்தால் மூன்று முனை பெல்ட் கட்டாயம்.

மகனுக்கு அவன் எடைக்கும் உயரத்துக்கும் பொருந்தும் ஐந்து முனைப் பட்டை உள்ள குழந்தை சீட்டு. மகளுக்குப் பெரும்பாலும் பூஸ்டர் இன்னும் தேவைப்படும். வயதைப் பார்க்காமல் உயரத்தை அளந்து பாருங்கள். ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் 135 செ.மீ. என்றும் சிலவற்றில் 150 செ.மீ. என்றும் எல்லை வைத்திருக்கிறார்கள். பெரிய எண்ணையே நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

சீட்டை எதில் முடுக்குவது என்பதில்தான் ஆர்வமாக வேலை பார்க்கும் பலரும் சறுக்குகிறார்கள். பழைய ஜீப்பின் தளம் மெல்லிய தகடு. அதில் துளை போட்டு, ஒரு வாஷர் வைத்து போல்ட் முடுக்கினால் கையால் ஆட்டிப் பார்க்க உறுதியாகத்தான் தெரியும். ஆனால் கடும் மோதலில் ஒரு பிள்ளையின் உடம்பு தன் எடையைப்போல 20, 25 மடங்கு பளுவோடு பெல்ட்டை இழுக்கும். 20 கிலோ பிள்ளை என்றால் கிட்டத்தட்ட அரை டன். போல்ட் அறுந்துபோகாது, தகட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். பயணிகள் காரின் பெல்ட் முனைகளுக்கான ஐ.நா. விதி எண் 14, தோள் பகுதிக்கும் இடுப்புப் பகுதிக்கும் தலா சுமார் 1,350 கிலோ இழுவையைத் தாங்கச் சொல்கிறது. உங்கள் மெக்கானிக்கிடம் இந்த எண்ணைச் சொல்லி, “இந்தத் தகடு இதைத் தாங்குமா?” என்று கேளுங்கள். தகட்டுக்கு அடியில் அகலமான எஃகுப் பிளேட், அதிலிருந்து பாடியின் குறுக்குச் சட்டத்துக்குப் பிடிமானம், பெல்ட்டுக்கென்றே வரும் 7/16 அங்குல போல்ட். இவ்வளவும் வேண்டும். உங்கள் மாடலுக்கென்றே இழுவைச் சோதனை செய்து விற்கும் சீட்டு கிட் கிடைத்தால், கொஞ்சம் செலவானாலும் அதையே வாங்குங்கள்.

இன்னொரு நுணுக்கம். இந்த வண்டிகளில் பாடி தனி, சேஸி தனி. நடுவில் ரப்பர் புஷ் இருக்கும். மோதலில் இரண்டும் ஒன்றாக அசையாது. சீட்டைப் பாடியிலும் பெல்ட்டைச் சேஸியிலும் பிடித்துவிட்டால், பாடி நகரும்போது பெல்ட் உடம்பை இறுக்கி அழுத்தும். இரண்டும் ஒரே கட்டமைப்பில் இருக்க வேண்டும். தோள் பெல்ட்டின் மேல்முனை தோளுக்குச் சமமாகவோ சற்று மேலேயோ வர வேண்டும். தளத்திலிருந்து நேராக மேலே இழுத்து வந்தால் அது தோளைக் கீழே அழுத்தி முதுகெலும்பை நசுக்கும். பெரும்பாலும் ரோல் கேஜின் குறுக்குக் குழாயில்தான் சரியான உயரம் கிடைக்கும். கேஜ் போட்டால் தலை படக்கூடிய குழாய் முழுவதும் அதற்கென வரும் கெட்டியான ஃபோம் சுற்றுங்கள். பந்தயக்காரர் ஹெல்மெட் போட்டிருப்பார், உங்கள் மகள் போட்டிருக்க மாட்டாள்.

சரி, சீட்டு தளத்தில் நிற்கிறது, தளம் சேஸியில் நிற்கிறது. சேஸி எதில் நிற்கிறது? பத்து வருடம் நின்ற வண்டியில் துரு உள்ளிருந்து வெளியே வரும். ஒரு சிறிய சுத்தியலோடு அடியில் படுத்து, சேஸி நீளத்துக்கும் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு ‘ணங்’ என்று ஒலிக்கும். அரித்த இடம் ‘டொப்’ என்று மந்தமாகக் கேட்கும், தட்டத் தட்டப் பழுப்புச் செதில் முகத்தில் உதிரும் (கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்). பின் ஸ்பிரிங் கட்டை பிடிக்கும் இடம், பாடி மவுண்ட் காதுகள், ஸ்டீயரிங் பாக்ஸ் முடுக்கியிருக்கும் இடம், சேறு தங்கும் குறுக்குச் சட்டம். இந்த நான்கையும் இரண்டு தடவை தட்டுங்கள். புதிதாகக் கறுப்பு தார் பூச்சு தெரிந்தால் அதைச் சுரண்டியே பாருங்கள், பட்டி வைத்து மூடியிருப்பார்கள். இந்த வெல்டிங்கைத் தெரிந்த கையிடம் கொடுங்கள். கற்றுக்கொள்ள ஆசையிருந்தால் கதவு, மட்கார்டில் பழகுங்கள்.

அடுத்தது பிரேக். இன்ஜினுக்கு ஒதுக்கிய பணத்தை இங்கே திருப்புங்கள். அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில், பெடலை அழுத்தும்போது பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்று. ஏதோ ஒரு சக்கரத்தில் ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்தாலும் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும், பெடல் தரையைத் தொட்டுவிடும். இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டருக்கு மாற்றினால் ஒரு பாதி போனாலும் மறு பாதி பிடிக்கும். இந்த வண்டியில் நீங்கள் செய்யக்கூடிய மாற்றங்களில் இதுதான் முதன்மையானது என்பேன். ஹோஸ், வீல் சிலிண்டர், இரும்புக் குழாய் எல்லாம் புதிது. பழைய ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கி அடைத்திருக்கும். காலை எடுத்த பிறகும் ஒரு சக்கரம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் முதலில் அதைத்தான் சந்தேகப்பட வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 தர பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கும், ஈரம் ஏறியபின் அந்த அளவு 155-க்கு இறங்கிவிடும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடாகும்போது உள்ளே ஆவி உண்டாகி, பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். முன் சக்கரத்துக்கு டிஸ்க் போட முடிந்தால் போடுங்கள். டிரம் தண்ணீரில் நனைந்தால் சிறிது நேரம் பிடிக்காது, ஓடையைக் கடந்து போக நினைப்பவருக்கு அது முக்கியம். டிஸ்க் போட்டால் அதற்கேற்ற மாஸ்டர் சிலிண்டரும் வால்வும் சேர்ந்தே மாற வேண்டும்.

முடித்தபின் ஒரு சின்ன சோதனை. வண்டி நின்றிருக்கும்போது பெடலை அழுத்தி, ஒரு நிமிடம் அப்படியே காலை வைத்திருங்கள். பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள் சீல் விடுகிறது.

ஹேண்ட் பிரேக்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய லேண்ட் ரோவர், டொயோட்டாவின் முற்கால எஃப்ஜே40 போன்ற வண்டிகளில் அது சக்கரத்தைப் பிடிப்பதில்லை, டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு (இன்ஜின் வலுவை முன், பின் சக்கரங்களுக்குப் பிரிக்கும் பெட்டிக்கு) பின்னால் சுழலும் ஷாஃப்ட்டைப் பிடிக்கிறது. ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கியதும், இரு பின் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியல் வழியாக அந்தச் சக்கரம் எதிர்ப்பக்கம் சுழல, தரையில் உள்ள சக்கரம் உருளும். வண்டி ஜாக்கியிலிருந்து நழுவிவிடும். ஆகவே எப்போதும் மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். ஸ்டாண்டு கொடுக்காமல் அடியில் போகாதீர்கள்.

ஸ்டீயரிங்கில் சக்கரங்களைத் திருப்பும் டை ராட் கம்பிகளின் முனைகள், முன் சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னின் பேரிங் இரண்டையும் சந்தேகம் இருந்தாலே மாற்றுங்கள். டயரில் பட்டன் (தரையைத் தொடும் மேடுபள்ளம்) நன்றாக இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம் செய்தது. பத்து வருடம் தாண்டிய டயர், ஒரு நாள்கூட ஓடாததாக இருந்தாலும் கழிக்க வேண்டியதுதான்.

அகல டயர், உயர்த்தல், பெரிய இன்ஜின் மூன்றும் வேண்டாம். உங்கள் வண்டி குறுகலானது, ஏற்கெனவே உயரமானது. இன்னும் உயர்த்தினால் திருப்பத்தில் எளிதாகப் புரளும். பெரிய டயரை நிறுத்தப் பிரேக்குக்கு அதிக வலு வேண்டும். இருக்கிற இன்ஜினைச் சரியாகக் கட்டினாலே மலையேற லோ கியர் இருக்கிறது. அதோடு, ஃபோர் வீல் டிரைவ் வண்டியை நகர்த்தத்தான் உதவும், நிறுத்த உதவாது.

பின் சீட்டில் உட்காருபவர்கள் சுவாசிக்கும் காற்றைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. துணிக்கூரையின் பின் திரையைத் திறந்து வைத்து ஓட்டினால், வண்டிக்குப் பின்னால் காற்று சுழன்று சைலன்சர் புகையை உள்ளே இழுக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை. பிள்ளைகளுக்குத் தலைவலி வரும், தூக்கம் வரும், களைப்பு என்று நினைத்துவிடுவோம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து கடைசி வரை கசிவு பாருங்கள், குழாயின் வாய் பாடியைத் தாண்டி வெளியே வரட்டும், தளத்திலுள்ள துளைகளை அடையுங்கள். கேரவன், படகுகளுக்கென வரும் மோனாக்சைடு அலாரம் ஒன்றைப் பின் சீட்டருகே மாட்டுங்கள். பெட்ரோல் டேங்கும் அப்படித்தான். பழைய வில்லிஸ் ஜீப்பில் அது டிரைவர் சீட்டுக்கு அடியிலேயே இருக்கும். உங்களுடையதும் உள்ளே இருந்தால் டேங்க், மூடி, ஹோஸ் மூன்றும் எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் புதியதாக இருக்கட்டும். வயரிங்கை முழுசாக மாற்றி, ஒவ்வொரு சுற்றுக்கும் ஃபியூஸ் போட்டு, பேட்டரிக்கு ஒரு கட் ஆஃப் சுவிட்ச் வையுங்கள். கை எட்டும் இடத்தில் தீயணைப்பான்.

வேலை நடக்கும் மாதங்களிலும் பிள்ளைகள் வீட்டில்தான் இருப்பார்கள். அந்த வயது வண்டியின் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், பிரேக் லைனிங்கிலும் கிளட்சிலும் கல்நார் இருக்கலாம். டிரம்மைக் கழற்றியதும் காற்றடித்துத் தூசியை ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடைத்துப் பையில் கட்டிப் போடுங்கள். பெயின்ட்டை உலர்வாகத் தேய்க்காமல் ஈரமாகத் தேய்த்து, அதற்கேற்ற மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். ஷெட்டில் போட்ட உடுப்போடு மகனைத் தூக்காதீர்கள். மாற்றி, குளித்துவிட்டு வாருங்கள். உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். பிள்ளைகளுக்கு உதவ ஆசையிருக்கும். கழற்றிய நட்டு, போல்ட்டை நீங்கள் கழுவிக் கொடுத்தபின் பிரித்து வைப்பது, படம் பார்த்துப் பெயர் எழுதி ஒட்டுவது போன்ற வேலையை ஷெட்டுக்கு வெளியே மேசையில் கொடுங்கள்.

எல்லாம் முடிந்தாலும் இது இன்றைய கார் ஆகிவிடாது. ஏர்பேக் இல்லை, மோதலில் மடங்கி அடியை வாங்கும் முன்பகுதி இல்லை, ஸ்டீயரிங் தண்டு பெரும்பாலும் மடங்காத ஒற்றைக் கம்பி. உங்கள் மனைவியிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள். வேகச் சாலையில் தூரப் பயணத்துக்கு வேறு கார், மெதுவாகப் போகும் பாதைகளுக்கு இந்த ஜீப் என்று இருவரும் பேசி முடிவெடுங்கள். அவர் ஒப்புக்கொள்ளாத பயணத்துக்குப் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம்.

முதல் சில நூறு கிலோமீட்டர் நீங்கள் மட்டும் ஓட்டுங்கள். திரும்பி வந்ததும் சக்கர நட்டு, ஸ்பிரிங் யு போல்ட், ஸ்டீயரிங் பாக்ஸ் போல்ட், சீட்டு போல்ட் எல்லாவற்றையும் சரியான இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்சால் மறுபடி முடுக்குங்கள். புதிதாகக் கட்டிய வண்டியில் ஏதாவது ஒன்று தளர்ந்தே இருக்கும். பிரேக் குழாய் இணைப்புகளை வெள்ளைத் துணியால் துடைத்து ஈரம் பாருங்கள். அடுத்த சுற்றுக்குக் குழந்தை சீட்டுகளை மாட்டி, பிள்ளைகள் இல்லாமல், மனைவியைப் பின் சீட்டில் உட்கார வைத்து ஓட்டுங்கள். பெல்ட் எங்கே விழுகிறது, புகை வருகிறதா, எது ஆடுகிறது என்று முன்னால் இருப்பவரைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். அவர் சொல்வதை எழுதி வைத்துச் சரிசெய்துவிட்டு, பிறகு பிள்ளைகளை ஏற்றுங்கள்.