சுவரில் நெபுலா, ஆணியில் துரு

நெபுலா என்பது விண்வெளியில் கிடக்கும் வாயு, தூசி மேகம். அதன் படத்தை அலுமினியத் தகட்டில் அச்சடித்துச் சுவரில் மாட்டுவது பற்றி இந்த முறை வந்த கேள்விகளில் பாதி கடற்கரையோர வீடுகளிலிருந்து. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இரும்பு ஆணி வேண்டாம்.

திருகோணமலை டச்பே பக்கம் வீடு. அலுமினியத் தகட்டுப் படம் உப்புக்காற்றைத் தாங்குமா?

தாங்கும். சாயம் சுமார் 200 பாகை செல்சியஸ் சூட்டில் ஆவியாகி மேற்பூச்சுக்குள் இறங்கியிருக்கிறது. காற்று அதை ஒன்றும் செய்யாது. வெட்டிய விளிம்பில்தான் பூச்சு இல்லை. அங்கே உப்புத் தங்கினால் வெள்ளையாகப் பூக்கும். கிழமைக்கு ஒருதரம் நல்ல தண்ணீரில் பிழிந்த பருத்தித் துணியால் விளிம்பையும் பின்பக்கத்தையும் துடையுங்கள். மாட்டுவதற்குத் துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்குரூ, அதுவும் தகட்டில் நேரே உரசாதபடி. ஈரமும் உப்பும் உள்ள இடத்தில் அலுமினியத்தோடு இரும்போ ஸ்டெயின்லெஸ்ஸோ ஒட்டிக்கிடந்தால் அலுமினியம்தான் முதலில் அரிபடும்.

படம் அனுப்பியிருக்கிறேன். 3 அடியில் அடிக்கலாமா? (கின்னியா)

எந்த நெபுலா என்று எழுதவில்லை. வாட்ஸப்பில் வந்த படத்தை அப்படியே எனக்குத் தள்ளிவிட்டிருக்கிறீர்கள். அது நீளவாட்டில் 1,600 புள்ளி (பிக்சல்). 3 அடிக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 45கூட வராது. 150ஆவது வேண்டும் தம்பி. வெப் விண்வெளித் தொலைநோக்கியின் கரினா நெபுலாப் படம் முழு அளவில் ஏறத்தாழ 14,500க்கு 8,400 புள்ளி, இலவசமாகவே கிடைக்கிறது. இறக்கிப் பென்டிரைவில் கொண்டுபோங்கள்.

இந்தக் கலரெல்லாம் பொய் என்கிறான் மகன். கடையில் இன்னும் கொஞ்சம் கலர் ஏற்றித் தருகிறார்களாம். ஏற்றலாம்தானே? (உவர்மலை)

கூடாது. மகனுக்கும் சேர்த்தே சொல்கிறேன். ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி 1995இல் எடுத்த 'படைப்பின் தூண்கள்' கழுகு நெபுலாவில் இருக்கின்றன, 6,500 ஒளியாண்டு அளவில் தூரம். அதில் கந்தகத்தின் ஒளிக்குச் சிவப்பு, ஐதரசனுக்குப் பச்சை, ஒட்சிசனுக்கு நீலம் கொடுத்திருக்கிறார்கள். நம் கண்ணுக்குக் கந்தகமும் ஐதரசனும் இரண்டுமே சிவப்பு. பிரித்துக் காட்டத்தான் இந்த ஏற்பாடு. எது எங்கே இருக்கிறது என்று நிறம் சொல்கிறது. அதைப் பொய் என்றால் தேசப்படத்தில் கடலுக்கு நீலம் அடிப்பதும் பொய்தான்.

கடைக்காரர் கலரை ஏற்றும்போது அந்தப் பிரிவுதான் முதலில் அழிகிறது. எனக்கே நடந்தது. ஒரு கடையில் இதே படத்தைக் கொடுத்தேன். "கொஞ்சம் எடுப்பாக்கி விட்டிருக்கிறேன் ஐயா" என்று சிரித்துக்கொண்டே தந்தார். வீட்டு விறாந்தையில் வைத்துப் பார்த்தால் தூண் மூன்றும் கேசரி நிறம். கறுப்பாக இருக்கவேண்டிய மூலை கத்தரிப்பூ நிறத்தில் சாம்பல் பூத்துக் கிடந்தது, சின்ன நட்சத்திரம் ஒவ்வொன்றையும் சுற்றி வெள்ளை வளையம். இப்போது அது கோழிக்கூட்டுக்குக் கூரை. மழைக்கு நன்றாகவே நிற்கிறது.

"மூலப்படம் அப்படியே" என்று ஓடரிலேயே எழுதிக் கொடுங்கள். முதலில் உள்ளங்கையளவு ஒரு துண்டு அடித்துப் பாருங்கள். போன் திரை பின்னாலிருந்து ஒளி விடும், தகடு விடாது. அதனால் இருண்டு தெரிந்தால் வெளிச்சத்தை மட்டும் சற்றுக் கூட்டலாம். கலரில் கை வைக்கவேண்டாம்.

பளபளப்பா, மட்டா (மினுக்கமில்லாததா)? ஹோலில் ஜன்னலுக்கு நேர் எதிரே வரும்.

மட். நெபுலாப் படத்தில் இருண்ட இடம் நிறைய. பளபளப்பு எடுத்தால் அதில் ஜன்னலும் சாரத்தோடு நிற்கிற நீங்களும்தான் தெரிவீர்கள்.

வாஸ்துப்படி எந்தத் திசைச் சுவர்?

வெயில் படாத சுவர். நேர்வெயிலில் சாயம் மங்கும்.

மகளின் அறைக்கு எந்தப் படம் நல்லது? (நிலாவெளி)

ஓரியன் நெபுலா. வெளியே வந்தால் உண்மையையும் காட்டலாமே. மாரி ஓய்ந்த மாசி இரவொன்றில், நிலவில்லாத நேரம் பார்த்துக் கடற்கரைக்குக் கூட்டிப்போங்கள். திருவாதிரை நட்சத்திரம் இருக்கிற அதே கூட்டம்தான். இடுப்புப்பட்டி போல வரிசையாக மூன்று நட்சத்திரம் நிற்கும். அதற்குத் தெற்கே, வாள் தொங்குகிற இடத்தில் புகைந்தாற்போல ஒரு புள்ளி. 1,300 சொச்சம் ஒளியாண்டு. கண்ணுக்குச் சாம்பல் நிறமாகத்தான் தெரியும், பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். படம் 3 அடிக்கு 2 அடி என்றாலும் ஒன்றரைக் கிலோதான். அதற்காகக் கம்பி ஆணியில் மாட்டிவிடாதீர்கள்.

தலைகீழாக மாட்டிவிட்டோம் போலிருக்கிறது. போட்டோ இணைத்துள்ளேன்.

விண்வெளியில் மேல் கீழ் இல்லை, இருக்கட்டும். ஆனால் ஆணிக்குக் கீழே சுவரில் மண்ணிறக் கோடு இறங்கியிருக்கிறது. அந்த ஆணியைக் கழற்றுங்கள்.